முதலில் ஊசியைப் பாருங்கள்

வாசகர் கேள்வி – பதில்

குன்னூர் கடைவீதியில் ரேடியோவும் ரெக்கார்டு பிளேயரும் பழுது பார்க்கும் அம்மணி இந்த மாதம் வாசகர்களின் இசைத்தட்டுக் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறார்.

கடிதங்களை எல்லாம் படித்தேன். பாதிப் பேர் “இந்தக் காலத்தில் இதையெல்லாம் யார் கேட்கிறார்கள்?” என்று ஆரம்பிக்கிறீர்கள். அடுத்த வரியிலேயே உங்கள் வீட்டுப் பிளேயருக்கு என்ன வியாதி என்று சொல்லிவிடுகிறீர்கள். அப்படியானால் கேட்கிறவர்கள் நீங்கள்தானே? கடையை அப்பா எனக்கு விட்டுப்போனபோது இனி மிக்சியும் எல்.ஈ.டி. பல்பும்தான் கதி என்று சொந்தக்காரர்கள் சொன்னார்கள். மிக்சி வரத்தான் செய்கிறது. ஆனால் மேசையில் எப்போதும் ஒரு பிளேயர் திறந்தே கிடக்கிறது. சரி, கேள்விக்கு வருவோம்.

சகோதரிக்கு வணக்கம். அமெரிக்காவில் இருக்கும் மகள் எனக்காக ஒரு பழைய டர்ன்டேபிள் கொண்டுவந்தாள். 120 வோல்ட் என்பதால் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து ஓட்டுகிறேன். எல்லாப் பாட்டும் மெதுவாகவே ஓடுகிறது. சுசீலா அம்மா குரல் கட்டையாகக் கேட்கிறது. புதுப் பெல்ட் போட்டும் அப்படியே இருக்கிறது.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், கோத்தகிரி

ஐயா, பெல்ட்டுக்குப் போன காசு போகட்டும். இனி எதுவும் வாங்குவதற்கு முன்னால் ஒரு சோதனை செய்யுங்கள். தட்டின் ஓரத்தில் சின்னக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். வேகத்தை 33-இல் வைத்து, கடிகாரத்தைப் பார்த்து மூன்று நிமிடம் எண்ணுங்கள். அந்த வேகம் நிமிடத்துக்கு 33⅓ சுற்று, அதனால் நூறு சுற்று வர வேண்டும். உங்கள் பிளேயரில் 83 சுற்றுதான் வரும் என்று இங்கே உட்கார்ந்தபடியே சொல்கிறேன்.

காரணம் வோல்ட் இல்லை. அமெரிக்காவில் மின்சாரம் விநாடிக்கு 60 முறை முன்னும் பின்னுமாகப் போய்வருகிறது, இந்த எண்ணிக்கையைத்தான் ஹெர்ட்ஸ் என்பார்கள். நம் ஊரில் 50 முறை. பழைய டர்ன்டேபிள்களில் பலவற்றில் ஏசி சின்க்ரனஸ் மோட்டார் இருக்கும். அது வோல்ட்டைப் பார்த்து ஓடாது, இந்த ஹெர்ட்ஸைப் பார்த்துத்தான் ஓடும். டிரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டை இறக்கித் தரும், ஹெர்ட்ஸைத் தொடாது. அதனால் ஆறு சுற்ற வேண்டிய இடத்தில் மோட்டார் ஐந்துதான் சுற்றுகிறது. சுருதி ஏறக்குறைய ஒன்றரைக் கட்டை இறங்கிவிடும். ஐந்தரைக் கட்டையில் பாடியவர் நாலு கட்டைக்கு வந்துவிடுவார். சுசீலா அம்மா குரல் கட்டையானது இப்படித்தான்.

அடியில் மோட்டாரைப் பாருங்கள். ஏசி 120 வோல்ட், 60 ஹெர்ட்ஸ் என்று எழுதியிருந்தால் பெல்ட் ஓடும் அந்தச் சின்னப் பித்தளைப் புல்லியை மாற்ற வேண்டும். 50 ஹெர்ட்ஸ் புல்லி ஐந்தில் ஒரு பங்கு பெரியது. தோரன்ஸ் போன்ற கம்பெனிகளின் டர்ன்டேபிள்களுக்கு இரண்டு அளவுப் புல்லியும் தனித்தனியாகக் கிடைக்கும். கிடைக்காத மாடலுக்குக் கோயம்புத்தூரில் நல்ல லேத் பட்டறையில் கடைந்து வாங்கலாம். கடைகிறவரிடம் அளவை மட்டும் கறாராகச் சொல்லுங்கள். பத்து மில்லிமீட்டர் புல்லியில் 0.1 மில்லிமீட்டர் தப்பினாலே வேகம் நூற்றில் ஒரு பங்கு மாறிவிடும், நல்ல காது அதைக் கண்டுபிடித்துவிடும்.

இதே கேள்வியோடு ஊட்டியிலிருந்து டெக்னிக்ஸ் எஸ்.எல்.1200 எம்.கே.2 வைத்திருக்கும் ஒருவரும் எழுதியிருக்கிறார். தம்பி, உங்களுக்கு இந்தக் கவலையே இல்லை. 1979-இல் வந்த அந்த மாடலின் வேகத்தைக் குவார்ட்ஸ் படிகம் கட்டுப்படுத்துகிறது. வோல்ட்டை மட்டும் சரியாகக் கொடுத்தால் போதும். டர்ன்டேபிளுக்குக் காலம் முடிந்துவிட்டது என்று நினைத்தோ என்னவோ, அந்த வரிசையை 2010-இல் நிறுத்தினார்கள். 2016-இல் அவர்களே திரும்பவும் செய்ய ஆரம்பித்தார்கள்.

அக்கா, எங்கள் தாத்தா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். தலைமன்னாரில் கப்பல் ஏறும்போது பாத்திரம் பண்டத்தோடு ஒரு தகரப்பெட்டி நிறைய கிராமபோன் தட்டும் கொண்டுவந்திருக்கிறார். டேன்டீ லயத்தில் அட்டத்தில் கிடந்தது. நண்பனின் புதுப் பிளேயரில் போட்டால் ஒரே இரைச்சல். ஆஸ்பத்திரி ஸ்பிரிட் போட்டுத் துடைக்கச் சொல்கிறான். துடைக்கலாமா? விலைக்குப் போகுமா?
— பந்தலூர் வாசகர்

ஸ்பிரிட் பாட்டிலை முதலில் மூடி வையுங்கள். இந்தப் பகுதியில் நான் சொல்வதில் வேறு எது மறந்தாலும் இதை மறக்காதீர்கள். உங்கள் கிராமபோன் தட்டு, அதாவது நிமிடத்துக்கு 78 சுற்று ஓடும் தட்டு, வினைல் என்ற பிளாஸ்டிக் இல்லை. அது அரக்கு. மரக்கிளைகளில் வாழும் அரக்குப் பூச்சி சுரக்கும் பிசினோடு கல் பொடியும் கரியும் சேர்த்து அச்சில் அழுத்தியது. தச்சர்கள் அரக்குப் பாலிஷ் போட என்ன செய்கிறார்கள்? ஸ்பிரிட்டில் கரைக்கிறார்கள். உங்கள் நண்பன் பேச்சைக் கேட்டால் தாத்தாவின் பாட்டைக் கரைத்துத் துணியில் எடுத்துவிடுவீர்கள்.

மென்மையான பிரஷ்ஷால் தூசியைத் தட்டுங்கள். அதற்கும் போகாத அழுக்கு என்றால், பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில் ஒரே ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு, துணியை நனைத்துப் பிழிந்து, வரி ஓடும் போக்கிலேயே துடையுங்கள். உடனே உலர்ந்த துணியால் ஒற்றி எடுங்கள். ஊற வைக்கவே கூடாது. நடுவில் இருக்கும் காகித லேபிளில் தண்ணீர் படக் கூடாது. விரிசல் விட்ட தட்டைக் கழுவவே வேண்டாம். இவை கையிலிருந்து நழுவினால் அப்படியே உடைந்துவிடும், அதனால் பாய் விரித்து உட்கார்ந்து செய்யுங்கள்.

இனி இரைச்சலுக்கு வருகிறேன். உங்கள் நண்பனின் பிளேயரில் இருப்பது எல்பி ஊசி, அதாவது 33 வேக வினைல் தட்டுக்கான ஊசி. அதன் முனை ஆரம் 0.018 மில்லிமீட்டர் அளவில் இருக்கும். 78 தட்டின் பள்ளம் அகலமானது, அதற்கு 0.075 மில்லிமீட்டர் அளவு முனை வேண்டும். சின்ன ஊசி பள்ளத்தின் சுவரைத் தொடாமல் அடிமட்டத்தில், அழுக்கில் உருண்டுகொண்டு போகிறது. பாட்டு இருப்பதோ சுவரில். நீங்கள் கேட்டது தாத்தாவின் தட்டை இல்லை, அதன் அடியில் சேர்ந்த குப்பையை. ஊசியை மாட்டும் சின்னப் பெட்டிதான் கார்ட்ரிட்ஜ், சில கார்ட்ரிட்ஜ்களுக்கு 78-க்கென்றே தனி ஊசி கிடைக்கும். ஒரு நிமிடத்தில் கழற்றி மாட்டலாம். ஆனால் நண்பனின் பிளேயரில் 78 வேகம் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். இப்போது விற்பவற்றில் பலவற்றில் 33-உம் 45-உம் மட்டும்தான்.

விலை விஷயம். பழசு என்ற ஒரே காரணத்துக்காக யாரும் பணம் தரமாட்டார்கள். நம் நாட்டில் 78 தட்டு ரொம்ப நாள் வந்தது. பீட்டில்ஸ் பாட்டுகூட இந்தியாவில் 78-இல் அச்சானது, அதனால் பொதுவான சினிமாத் தட்டுகள் நிறையவே கிடக்கின்றன. ஆனால் நாதஸ்வரம், நாடகப் பாட்டு, கதாகாலட்சேபம், இலங்கைக் கடை முத்திரை போட்ட உறை, இப்படி ஏதாவது இருந்தால் தனியே எடுத்து வையுங்கள். பத்து அங்குலத் தட்டில் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிடம்தான். ஒரு மணி நேரம் ராகம் பாடுகிறவர்கள் அந்த மூன்று நிமிடத்துக்காகச் சுருக்கிப் பாடியது வேறு எங்கேயும் கிடைக்காது. 1902-இல் கல்கத்தாவில் பாடகி கௌஹர் ஜான் பாடிப் பதிந்ததை ஜெர்மனிக்கு அனுப்பி ஹானோவரில் அச்சடித்தார்கள். 1908-இல்தான் கல்கத்தாவிலேயே ஆலை வந்தது. அப்படிப் பதிந்தவற்றில் மறு அச்சு காணாதவை எத்தனையோ. விற்பதற்கு முன்னால் ஒருமுறை சரியான ஊசியில் ஓட்டிக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொள்ளுங்கள். அப்புறம் உங்கள் இஷ்டம். நானாக இருந்தால் விற்கமாட்டேன்.

ஐப்பசி மழைக்கு அப்புறம் எல்பி தட்டுகளில் வெள்ளை வெள்ளையாகப் பூஞ்சை. அலமாரியில் பல்பு எரியவிட்டும் போகவில்லை. நீலகிரித் தைலம் போட்டுத் துடைத்தேன், பளபளப்பு வந்தது, ஆனால் பாட்டில் பொரிகிற சத்தம் கூடிவிட்டது.
— இல்லத்தரசி, மேல் குன்னூர்

தைலம்! நம் ஊரில் சளிக்கும் அதுதான், மூட்டு வலிக்கும் அதுதான், தரை துடைக்கவும் அதுதான். இசைத்தட்டு ஒன்றுதான் பாக்கி இருந்தது. அம்மா, எண்ணெய்ப் பிசுக்கு பள்ளத்துக்குள் உட்கார்ந்து, வருகிற போகிற தூசியை எல்லாம் பிடித்து வைத்திருக்கிறது. அந்தப் பொரிகிற சத்தம் அதுதான்.

உங்களுடையது வினைல். அதனால் மேலே பந்தலூர்க்காரருக்கு விலக்கியது உங்களுக்கு ஆகும். மூன்று பங்கு டிஸ்டில்டு வாட்டர், ஒரு பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதில் ஒரு சொட்டுச் சோப்புத் திரவம். நுண்ணிழைத் துணியில் தொட்டு வட்டமாகத் துடைத்து, வெறும் டிஸ்டில்டு வாட்டரால் இன்னொரு முறை துடைத்து, பாத்திரக் கூடையில் நிறுத்தி நிழலில் காயவிடுங்கள். வெந்நீரும் ஹேர் டிரையரும் வேண்டாம், வினைல் நெளிந்துவிடும். காய்ந்த தட்டைப் பழைய காகித உறையிலேயே திரும்பப் போடாதீர்கள். பூஞ்சை வாழ்வது அந்தக் காகிதத்தில்தான். புதுப் பாலித்தீன் உள்ளுறை வாங்குங்கள். அட்டையை வெயிலில் காட்டலாம், தட்டைக் காட்டக் கூடாது.

அலமாரிப் பல்பு நம் ஊர் வழக்கம்தான். துணிமணிக்கு நல்லது. தட்டுக்கு, பல்பு எந்த மூலையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. பக்கத்திலேயே இருந்தால் அருகிலிருக்கும் தட்டு வளைந்துவிடும், தூரத்திலிருக்கும் தட்டுக்குச் சூடே போகாது. அலமாரியின் அடி அடுக்கில் பல்பு, இரண்டு அடுக்கு மேலே ரெக்கார்டு என்றால் சரி. அலமாரியை வெளிச்சுவரிலிருந்து ஒரு கை அகலம் தள்ளி வையுங்கள். குன்னூரும் கோத்தகிரியும் கிழக்குச் சரிவு, வடகிழக்குப் பருவமழையை நாம்தான் முதலில் வாங்குகிறோம். ஐப்பசி, கார்த்திகையில் வெளிச்சுவர் தொட்டாலே ஈரம். தட்டுகளை எப்போதும் செங்குத்தாக நிறுத்துங்கள், படுக்கப்போட்டு அடுக்காதீர்கள், சாய்த்தும் வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட நல்ல மருந்து ஒன்று உண்டு. அடிக்கடி எடுத்துப் போட்டுக் கேளுங்கள். எங்கள் கடைக்கு வரும் மோசமான பூஞ்சைத் தட்டுகள் எல்லாம் பத்திரமாகப் பூட்டி வைத்தவை.

மழைக்காலம் போய்ப் பனிக்காலம் வந்தால் எங்களுக்கு வேறு தொல்லை. தட்டை உறையிலிருந்து உருவும்போதே சடசடவென்று ஷாக் அடிக்கிறது, பாட்டிலும் அதே சடசட.
— ஊட்டி வாசகி

தை, மாசியில் உறைபனி விழும் நாட்களில் காற்று காய்ந்திருக்கும். போதாததற்குக் கம்பளி ஸ்வெட்டர் போட்ட கையால் தட்டை உருவுகிறீர்கள். நிலைமின்சாரத்துக்கு வேறு என்ன வேண்டும்? கார்பன் நாரால் செய்த பிரஷ் வாங்கிக்கொள்ளுங்கள், சுழலும் தட்டில் மெல்லப் பிடித்துத் தூசியை ஓரத்துக்குக் கொண்டுவந்து எடுங்கள். ஸ்வெட்டர் கையை முழங்கை வரை மடித்துவிடுவதும் பலன் தரும், குளிர் தாங்குமானால்.

மரத்தரை போட்ட பழைய பங்களா. யாராவது நடந்தாலே ஊசி குதிக்கிறது. ஊசியைத் தாங்கும் ஆர்மில் கூடுதல் எடை வைக்கலாமா?
— குன்னூர் வாசகர்

ஒரு ரூபாய் நாணயத்தை ஆர்ம் தலையில் செலோடேப் போட்டு ஒட்டும் வைத்தியத்தைக் கேட்கிறீர்கள் என்று நினைக்கிறேன். வேண்டாம். குறித்த எடைக்கு மேலே போனால் ஊசியும் தேயும், தட்டும் தேயும். பிளேயரைத் தரையில் நிற்கும் மேசையிலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் வீட்டுக் கல்சுவரில் இரும்பு பிராக்கெட் அடித்து அதன் மேல் கெட்டியான பலகை போட்டு அங்கே வையுங்கள். தரை ஆடினாலும் சுவர் ஆடாது. ஸ்பீக்கரை அந்தப் பலகையில் வைக்காதீர்கள்.

அக்கா, கல்லூரியில் படிக்கிறேன். சூட்கேஸ் மாதிரி மூடித் தூக்கிக்கொண்டு போகிற பிளேயர் நெட்டில் மலிவாக இருக்கிறது, வாங்கலாமா? போனில் கேட்பதைவிட இதில் சத்தம் நன்றாக இருக்கும் என்கிறார்களே, உண்மையா?
— ஊட்டி மாணவர்

இரண்டாவது கேள்விக்கு முதலில் பதில். அளந்து பார்த்தால் உண்மை இல்லை. சிடியில் மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையில் 96 டெசிபல் இடைவெளி உண்டு. எல்பியில் 60, 70 வந்தாலே பெரிது. தட்டின் உள்வட்டத்துக்குப் போகப் போக ஓசை மங்கும். இப்போது வரும் புதுத் தட்டுகளில் பல, கம்ப்யூட்டர் ஃபைலிலிருந்து வெட்டியவைதான். அப்படி இருந்தும் சில பழைய பாட்டுகள் தட்டில் கேட்கத்தான் நன்றாக இருக்கும். காரணம், அன்று தட்டுக்காகச் சமன் செய்த ஒலி ஒன்று, பிற்பாடு யாரோ சத்தத்தைக் கூட்டி அழுத்திப் போனுக்காக ஏற்றியது வேறொன்று. குற்றம் போன் மேல் இல்லை, ஏற்றியவர் மேல். எக்கோ, இன்ரெகோ லேபிள்களில் வந்த எழுபது, எண்பதுகளின் தமிழ்த் தட்டு ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் நீங்களே ஒப்பிட்டுப் பாருங்கள், என் பேச்சை நம்ப வேண்டாம்.

சூட்கேஸ் பிளேயர் வேண்டாம் என்பேன். அவற்றில் பெரும்பாலும் மலிவான செராமிக் கார்ட்ரிட்ஜ். ஆர்மின் பின்னால் எடையைத் திருப்பிச் சரிசெய்ய வழி கிடையாது. ஊசி ஐந்து கிராம் வரைகூட அழுத்தும். நல்ல கார்ட்ரிட்ஜ் இரண்டு கிராமில் ஓடும். ஸ்பீக்கரும் அதே பெட்டிக்குள் இருப்பதால் சத்தத்தைக் கூட்டினால் பெட்டி அதிரும், ஊசி தடுமாறும். தட்டுக்கு நீங்கள் கொடுக்கும் விலையைக் கணக்குப் பார்த்தால் இந்தப் பிளேயர் மலிவே இல்லை.

கொஞ்சம் காசு சேர்த்து ஆடியோ டெக்னிகா எல்.பி.60எக்ஸ் போன்ற ஒன்றை வாங்குங்கள். பட்டனை அழுத்தினால் ஆர்ம் தானே போய் இறங்கும், முடிந்ததும் தானே திரும்பும். ஊசியிலிருந்து வரும் மெல்லிய ஒலியைக் கூட்டித் தரும் ஃபோனோ ப்ரீ-ஆம்ப் உள்ளேயே இருக்கிறது, ஆம்பிளிஃபயர் உள்ளடங்கிய ஏதாவது ஆக்டிவ் ஸ்பீக்கரில் நேரே செருகலாம். பழசில்தான் வாங்குவேன் என்றால் அதுவும் நல்ல யோசனைதான். எஸ்டேட் பங்களா காலி செய்யும்போதும், வெலிங்டனில் ராணுவ அதிகாரிகள் மாற்றலாகிப் போகும்போதும் நல்ல சாமான் கைமாறும். வாங்கும்போது தட்டைச் சாய்த்து டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். நூல் போன்ற கீறல் கண்ணுக்குத் தெரிந்தும் விரல் நகத்துக்குத் தட்டுப்படவில்லை என்றால் பயப்பட வேண்டாம். வரிகள் சாம்பல் பூத்திருந்தால் விட்டுவிடுங்கள், மோசமான ஊசி அரைத்து முடித்த தட்டு அது. கழுவினாலும் திரும்பாது.

பிளேயரை ஆம்பிளிஃபயரின் ஆக்ஸ் பின்னில் செருகினேன். சத்தமே இல்லை. முழுசாகக் கூட்டினால் தகர டப்பாவில் பாடுகிற மாதிரி கேட்கிறது, கூடவே ‘ம்ம்ம்’ என்று ஒரு முனகல்.
— அரவங்காடு வாசகர்

இரண்டு வியாதி. பெரும்பாலான பிளேயர்களில் வரும் காந்த வகை (மூவிங் மேக்னட்) கார்ட்ரிட்ஜ் தருவது வெறும் ஐந்து மில்லிவோல்ட் அளவு. ஆக்ஸுக்கு அது போதவே போதாது. அதோடு, தட்டு வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்து, உச்ச ஒலியைக் கூட்டித்தான் வெட்டுவார்கள். இல்லாவிட்டால் மிருதங்கத்தின் தொப்பி அடிக்கும் அடியில் பள்ளம் பக்கத்துப் பள்ளத்தை இடித்துவிடும். திரும்ப ஓட்டும்போது அதை நேர்மாறாக்க வேண்டும். 1954-இல் அமெரிக்கத் தட்டுக் கம்பெனிகள் இதற்கு ஒரே அளவை ஏற்றுக்கொண்டன, உலகமே அதைப் பின்பற்றுகிறது. இந்த இரண்டு வேலையையும் செய்வதுதான் ஃபோனோ ப்ரீ-ஆம்ப். உங்கள் ஆம்பிளிஃபயரில் ஃபோனோ என்று தனிப் பின் இருந்தால் அதில் செருகுங்கள், இல்லையென்றால் ப்ரீ-ஆம்ப் தனியே வாங்குங்கள்.

முனகலுக்கு: பிளேயரின் பின்னாலிருந்து மெல்லிய ஒற்றை ஒயர் ஒன்று வரும். அது எர்த். ஆம்பிளிஃபயரின் திருகில் முறுக்குங்கள். பாதிப் பேர் அதை உபரி என்று நினைத்து வெட்டிவிடுகிறார்கள்.

மாமனார் வீட்டு ரேடியோகிராம், ரேடியோவும் பிளேயரும் ஒரே பெட்டியில். தட்டுகளைத் தானே மாற்றிப் போடும் கரார்டு சேஞ்சர், வால்வு செட். தட்டு சுழலும்போது ‘தட், தட்’ என்று அடிக்கிறது. ஆர்ம் பாதி வழியில் நின்றுவிடுகிறது. காலையில் மெதுவாகவும், மத்தியானம் சரியாகவும் ஓடுகிறது. பழைய சாமான்காரர் மரத்துக்காகக் கேட்கிறார், கொடுத்துவிடலாமா?
— கொடைக்கானல் வாசகி

கொடுக்காதீர்கள்! அந்தத் தேக்குப் பெட்டியைக் கண்ணாடி போட்ட பாத்திர அலமாரியாக்கி விற்பார்கள், பார்த்திருக்கிறேன், வயிறு எரியும்.

நீங்கள் சொன்ன மூன்றும் மராமத்து வேலை, சாவு நோய் இல்லை. கரார்டில் மோட்டார் தண்டுக்கும் சுழலும் தட்டுக்கும் நடுவில் ஒரு ரப்பர் சக்கரம் உண்டு. பட்டனை ஓடும் நிலையிலேயே விட்டுவிட்டு வருஷக்கணக்கில் யாரும் தொடாமல் இருந்ததால் அந்த ரப்பர் ஓரிடத்தில் அழுந்திப் பள்ளமாகியிருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் பள்ளம் வந்து இடிப்பதுதான் அந்தத் ‘தட்’. கொஞ்சம் பள்ளம் என்றால் நைசான உப்புத்தாளில் தேய்த்துச் சமமாக்கலாம், அதிகம் என்றால் புது ரப்பர் போட வேண்டும்.

ஆர்ம் நிற்பதும் காலை மெத்தனமும் ஒரே காரணம்: பழைய கிரீஸ் இறுகிப் பிசினாகிவிட்டது. கொடைக்கானல் மார்கழிக் காலையில் அது இன்னும் கெட்டிப்படும், வெயில் ஏறினால் இளகும். எல்லாவற்றையும் கழற்றிப் பழைய கிரீஸை முழுக்கத் துடைத்து எடுத்துவிட்டுப் புதிதாக மெல்லியதாகப் போட வேண்டும். பழசின் மேலேயே எண்ணெய் விடுவது வேலைக்காகாது. ரப்பர் சக்கரத்தில் ஒரு சொட்டு எண்ணெய்கூடப் படக் கூடாது.

வால்வுப் பகுதியை மட்டும் நீங்கள் திறக்காதீர்கள். உள்ளே 250 வோல்ட்டுக்கு மேலே ஓடும், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கண்டென்சரில் மின்சாரம் தங்கி நிற்கும். மலை ஈரத்தில் அந்தக் காலத்துக் காகிதக் கண்டென்சர்கள் கெட்டுப்போயிருக்கும், அவற்றை மாற்றாமல் ஆசைக்கு ஒருமுறை போட்டுப் பார்ப்பதும் கூடாது. வால்வு செட் தெரிந்த மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

ஒரு நல்ல செய்தி: இந்தச் செட்டுகளின் கார்ட்ரிட்ஜில் பெரும்பாலும் ஒரு சின்ன நெம்பு இருக்கும். ஒரு பக்கம் திருப்பினால் எல்பி ஊசி, மறுபக்கம் 78 ஊசி. பந்தலூர் வாசகர் தேடுவது உங்கள் வீட்டில் இருக்கிறது.

உலகம் முழுக்க இசைத்தட்டு திரும்ப வந்துவிட்டது என்கிறார்களே?
— வெலிங்டன் வாசகர்

அமெரிக்காவில் 2022-இல் சுமார் 4 கோடியே 10 லட்சம் வினைல் தட்டுகள் விற்றன, சிடி சுமார் 3 கோடியே 30 லட்சம். 1987-க்குப் பிறகு எண்ணிக்கையில் தட்டு சிடியை முதல்முறையாக முந்தியது அந்த வருஷம்தான். ஆனால் இதில் பாதிக் கதை சிடி விழுந்த கதை. புதுத் தட்டு நம் ஊரில் இரண்டாயிரம், மூவாயிரம் என்று விற்கிறது. அந்த விலையில் பிரிக்காமல் சுவரில் மாட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். அவர்களால் எனக்கு வருமானம் இல்லை, ஓட்டித் தேய்க்கிறவர்கள்தான் ஊசி வாங்க வருகிறார்கள்.

ஊசியை எப்போது மாற்ற வேண்டும்? நன்றாகத்தான் பாடுகிறது, மாமனார் காலத்து ஊசி.
— கேத்தி வாசகி

தலைப்பே உங்களுக்காகத்தான் வைத்தேன். சாவி கொடுக்கும் பழைய கிராமபோனில் இரும்பு ஊசி, பக்கத்துக்கு ஒன்று மாற்றியே ஆக வேண்டும். எல்பி வைர ஊசிக்கு, முனை நீள்வட்டமாக இருந்தால் 300 மணி நேரம், உருண்டையாக இருந்தால் 500 என்று ஆடியோ டெக்னிகா சொல்கிறது. ஒரு எல்பி இரண்டு பக்கமும் சேர்ந்து நாற்பது நிமிடம். தினம் ஒன்று கேட்டால் 300 மணி நேரம் ஒன்றேகால் வருஷத்தில் முடிந்துவிடும். தேய்ந்த ஊசி சட்டென்று கெட்டதாகக் காட்டாது. ‘ச’வும் ‘ஷ’வும் வரும் இடத்தில் மெல்ல இரைய ஆரம்பிக்கும், அதற்குள் காது பழகிவிடும், தட்டும் அரைபட்டுவிடும். மாமனார் காலத்து ஊசி என்றால் இன்று இரவே ஓட்டுவதை நிறுத்துங்கள். கார்ட்ரிட்ஜின் முன்பக்கத்தில் உள்ள எண்ணைப் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஊசியை மட்டும் முன்பக்கமாக இழுத்தால் பெரும்பாலும் கழன்று வரும், முழுக் கார்ட்ரிட்ஜும் வாங்க வேண்டியதில்லை. கடைக்காரர் எல்லாவற்றுக்கும் இது சேரும் என்று நீட்டினால் வாங்காதீர்கள், எண்ணைப் பார்த்து வாங்குங்கள்.